ஒருமுறை டெங்கு வந்தவருக்குத்தான் ஊசியா?

வாசகர் கடிதம்:

"வணக்கம் டொக்டர். நான் உப்புவெளியில் இருக்கும் ஓர் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. மூத்த மகளுக்கு 13 வயது. இரண்டு வருடத்துக்கு முன் மாரி மழை விட்ட கையோடு டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மகனுக்கு 7 வயது, அவனுக்கு இதுவரை வரவில்லை. லண்டனில் இருக்கும் என் அண்ணா குடும்பத்தோடு பங்குனியில் கோணேசர் திருவிழாவுக்கு வருகிறார். எங்கள் வளவுக்கு அடுத்ததாகப் பூட்டிக்கிடக்கும் அவருடைய வீட்டில்தான் தங்குவார்கள். அங்கே டெங்குவுக்குத் தடுப்பூசி இருக்கிறதாம். அண்ணா கேட்கப் போனபோது, 'உங்களுக்கு முன்பு டெங்கு வந்ததா?' என்று விசாரித்தார்களாம். வந்தவர்களுக்குத்தான் கொடுப்பதாம். அம்மை என்றால் ஒருமுறை வந்தவருக்கு ஊசியே தேவையில்லை. இது என்ன தலைகீழ் நியாயம்? உயிருள்ள வைரசால் செய்த ஊசி என்பதும் பயமாக இருக்கிறது. எங்கள் நாட்டுப் பிள்ளைகளில்தான் சோதித்துப் பார்த்தார்கள் என்றும் ஒரு கதை. கொரோனாவுக்கு ஒரு வருடத்தில் ஊசி வந்ததே, இதற்கு ஏன் இத்தனை காலம்? அண்ணா ஐஸ் பெட்டியில் இரண்டு ஊசி கொண்டுவந்தால் இங்கே யாராவது என் பிள்ளைகளுக்குப் போட்டுவிடுவார்களா?"

பதில்:

வணக்கம் ரீச்சர்.

ஐஸ் பெட்டி வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் இந்தப் பதிலை வாசித்து முடிப்பதற்குள் அண்ணா அதை வாங்கிவிடுவார். ஏன் வேண்டாம் என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்தத் "தலைகீழ் நியாயம்" என்ற சொல். டெங்கு ஊசி செய்யப் புறப்பட்டவர்கள் எண்பது வருடமாக மோதிக்கொண்டிருப்பது அந்தத் தலைகீழோடுதான்.

டெங்கு என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், ஆனால் அது நான்கு வைரசு. முகச்சாயல் ஒன்று, ஆள் வேறு. ஒரு வகை வந்துபோனால் அதே வகை அநேகமாக ஆயுளுக்கும் திரும்ப வராது. மற்ற மூன்றுக்கும் எதிராகக் கிடைக்கும் காவல் கொஞ்சக் காலத்துக்குத்தான். இதை 1940களிலேயே அமெரிக்க மருத்துவர் அல்பேட் சேபின் கண்டார். போலியோச் சொட்டு மருந்தால் பின்னாளில் பெயர் பெற்ற அதே சேபின். பசிபிக் யுத்தத்தில் படைவீரர்கள் டெங்கில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. தன்னார்வலர்களுக்கு ஒரு வகையைக் கொடுத்து, பிறகு இன்னொரு வகையையும் கொடுத்துப் பார்த்தார். இரண்டு மாதம் வரை நன்றாகத் தாங்கியது. அதன் பிறகு அந்தக் காவல் இளகத் தொடங்கியது.

இளகி முழுக்கக் கரைந்து போனால் பரவாயில்லை. அரைகுறையாக மிஞ்சி நிற்பதுதான் வில்லங்கம். முதல் டெங்குவின்போது கிருமியை எதிர்க்க உடல் செய்துவைத்த பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி), இரண்டாவதாக வரும் வேறு வகையைக் கண்டதும் முகச்சாயலை நம்பிப் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வைரசை முடக்குகிற அளவுக்கு அந்தப் பிடியில் இறுக்கம் இருக்காது. நமது வெண்குருதிக் கலங்களில் ஒரு சாரார், பிறபொருளெதிரி ஒட்டிய எதைக் கண்டாலும் விழுங்கிவிடுவார்கள். அது அவர்களின் தொழில். டெங்கு வைரசு பெருகுவதோ அதே கலங்களுக்குள்தான். பிறகென்ன, கள்ளனைப் பிடித்த காவற்காரனே விலங்கு போடாமல் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போய் விட்ட மாதிரி. வைரசு பல மடங்காகும், இரத்தக் குழாய்கள் கசியும், நாம் பயப்படுகிற அந்த இரத்தப்பெருக்குக் காய்ச்சல் வரை போகும்.

கியூபாவில் 1977இல் முதலாம் வகை பரவியது, பெரிய சேதம் இல்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தது. 344,000க்கு மேற்பட்டோர் நோயாளர், 158 பேர் இறந்தார்கள். முதல் அலையைக் காணாத, அதற்குப் பிறகு பிறந்த குஞ்சுகளில் கடும் நோய் அரிதாகவே இருந்தது. நிக்கராகுவாவில் பிள்ளைகளின் இரத்தத்தை வருடா வருடம் பார்த்துவந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. பிறபொருளெதிரி அறவே இல்லாதவர்களும் பாதுகாப்பு, நிறைய இருந்தவர்களும் பாதுகாப்பு. நடுத்தர அளவில் இருந்தவர்களுக்கு மட்டும் கடும் டெங்கு வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல்.

அதே 2017 தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வருடம் நாடு முழுக்க 186,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அந்த அலையை இழுத்து வந்தது இரண்டாம் வகை. அப்போது நான் கிழக்கில் ஒரு வாட்டில் நின்றேன். "போன முறை லேசாகத்தானே வந்தது டொக்டர், இந்த முறை ஏன் இப்படி?" என்று கேட்ட தாய்மாரை இன்னும் நினைவிருக்கிறது. பதில் தெரியும். ஆனால் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலைமாட்டில் நின்று, பிறபொருளெதிரிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

சரி, இப்போது ஊசிக்கு வருவோம். உங்கள் மகனைப் போல ஒருமுறையும் டெங்கு வராத ஒரு பிள்ளைக்கு ஊசி போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊசி நான்கு வகைக்கும் எதிராக நன்றாகப் பிடித்தால் யோகம். ஒன்றோ இரண்டோ மட்டும் பிடித்தால், அந்த ஊசியே முதல் டெங்குவின் வேலையைச் செய்துவிடும். பிள்ளைக்குள் அரைகுறைக் காவலை உண்டாக்கி, அடுத்து வரும் நுளம்புக்கடிக்குக் கதவைத் திறந்து வைத்துவிடும். மகளின் நிலை வேறு. அவள் முதலாவதை ஏற்கெனவே கடந்துவிட்டாள். அவளுக்குப் போடும் ஊசி, இரண்டாவது டெங்குவை அடக்கமான வடிவில் காட்டிவிடுகிற மாதிரி. இரண்டு வகையைக் கண்ட உடல் மற்ற வகைகளையும் ஓரளவு சமாளிக்கப் பழகிவிடும். மூன்றாவது, நான்காவது முறை டெங்கு கடுமையாக வருவது அரிது. வந்தவருக்குத்தான் ஊசி என்று லண்டனில் சொன்னதன் பொருள் இவ்வளவுதான்.

உயிருள்ள வைரசு என்ற பயத்தைப் பற்றி. உங்கள் மகனின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதத்தில் போட்ட அம்மை ஊசி உயிருள்ள வைரசு. ஒரு வயதில் போட்ட யப்பான் மூளைக்காய்ச்சல் ஊசியும் அப்படியே, அதிலும் அது டெங்குவின் ஒன்றுவிட்ட உறவு. பிறந்த உடனே காசநோய்க்கு எதிராகக் கையில் போட்ட பி.சி.ஜி உயிருள்ள கிருமி. ஆக, நீங்கள் இந்தப் பயத்தை ஏற்கெனவே மூன்று முறை தாண்டியவர்.

வீரியம் குறைப்பது என்றால் என்ன? நம் ஊரில் விளக்குவது சுலபம். வெளிநாட்டுக்குப் போன குடும்பத்தில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளையைப் பாருங்கள். முகம் அப்படியே அப்பம்மாவின் முகம், கதைக்கச் சொன்னால் தமிழ் வராது. வைரசையும் அப்படித்தான் செய்கிறார்கள். மனிதக் கலத்தில் வாழ்ந்த வைரசை வேறொரு விலங்கின் கலத்தில் வளர்த்து, அதிலிருந்து எடுத்து அடுத்ததில், பிறகு அடுத்ததில் என்று தலைமுறை தலைமுறையாக மாற்றுவார்கள். அந்த ஊருக்குப் பழகப் பழக இந்த ஊர்ப் பிழைப்பு மறந்துபோகும். முகம் மட்டும் மாறாது. நமது உடல் அந்த முகத்தைப் பார்த்துக் காவலைத் தயார் செய்துகொள்ளும், வைரசுக்கோ பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. மஞ்சள் காய்ச்சல் ஊசி 1930களில் கோழி முட்டைக் கருவின் இழையத்தில் இப்படித்தான் பிறந்தது, அதைச் செய்த மெக்ஸ் தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது.

டெங்குவில் இதைப் பொறுமையாகச் செய்தவர்கள் பாங்கொக் மகிடோல் பல்கலைக்கழகத்தினர், நத் பமரப்பிரவதி என்ற பேராசிரியரின் தலைமையில். 1964இல் தாய்லாந்து நோயாளி ஒருவரிடம் எடுத்த இரண்டாம் வகை வைரசை, நாயின் சிறுநீரகக் கலங்களில் 53 முறை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அந்த 53இலிருந்து வந்த வைரசு மனிதருக்குக் கொடுத்தபோது சாதுவாக நடந்துகொண்டது. பின்னர் அமெரிக்க விஞ்ஞானிகள் அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தபோது, அதைச் சாதுவாக்கிய மாற்றங்கள் மூன்றே இடத்தில் இருப்பது தெரியவந்தது. பத்தாயிரத்துச் சொச்சம் எழுத்துள்ள மரபணுவில் மூன்று எழுத்து! எழுத்துப்பிழைக்கு மாணவர்களைப் பேசும்போது இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள் ரீச்சர்.

இரண்டாம் வகையில் கிடைத்த யோகம் எல்லா வகையிலும் கிடைக்கவில்லை. மகிடோலின் நான்கு வைரசுகளையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தபோது மூன்றாம் வகை மட்டும் முந்திக்கொண்டு பெருகியது, சிலருக்கு டெங்கு மாதிரியே காய்ச்சல் வந்தது. நான்கு பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே சட்டியில் சோறு வைத்தால் என்ன நடக்கும்? மூத்தவன் அள்ளிவிடுவான், கடைசிப் பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டு நிற்கும். ஊசிக்குள்ளும் அதே சண்டை. ஒன்று அதிகம் பெருகினால் உடல் அதைத்தான் கவனிக்கும், மற்றதைப் படிக்காது. இப்போது லண்டனில் கொடுக்கும் ஊசியில் நான்காம் வகையின் குறைந்தபட்ச அளவு இரண்டாம் வகையைவிட ஏறத்தாழ 60 மடங்கு. நோஞ்சான் பிள்ளைக்குக் கூடுதலாகப் பரிமாறுகிற கணக்கு. அப்படியிருந்தும் அந்த ஊசியில் மிக நன்றாகப் பிடிப்பது இரண்டாம் வகைதான்.

அந்த ஊசியின் பெயர் கியூடெங்கா, யப்பானின் டக்கேடா நிறுவனம் செய்வது. மகிடோலின் அந்தச் சாதுவான இரண்டாம் வகையை உடலாக வைத்துக்கொண்டு, மற்ற மூன்று வகைகளின் மேல்சட்டையை அதற்குப் போட்டுவிட்டார்கள். உள்ளே ஒரே ஆள், வெளியே நான்கு உருவம். அதற்கு முன்பு வந்த டெங்வாக்சியாவை பிரான்சின் சனோபி நிறுவனம் செய்தது. அதில் உள்ளே இருந்தது டெங்குவே அல்ல, தைலரின் மஞ்சள் காய்ச்சல் வைரசு. சட்டை மட்டும்தான் டெங்கு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தினர் வேறு வழி பிடித்தார்கள். வைரசின் மரபணு வால் பக்கத்தில் 30 எழுத்தை அப்படியே வெட்டி எறிந்துவிட்டார்கள். ஓர் எழுத்து மாறினால் அது பழையபடி திரும்பலாம், முப்பதைத் தொலைத்தால் திரும்பி வருவது கடினம். உயிருள்ள வைரசு என்றதும் உங்களுக்கு வந்த பயம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு என்பதற்கு அந்த வெட்டு ஒரு சாட்சி.

இனிச் சோதனை. இங்கேதான் உங்கள் கொரோனாக் கேள்விக்கும் பதில் கிடக்கிறது.

டெங்குவைச் சோதிக்க ஒழுங்கான விலங்கு கிடையாது. குரங்குக்குக் கொடுத்தால் இரத்தத்தில் வைரசு தெரியும், ஆனால் மனிதருக்கு வருவது மாதிரி நோய் வராது. சாதாரண எலிக்கு அதுவும் இல்லை. ஆகவே ஒரு கட்டத்தில் மனிதரிடம்தான் வரவேண்டும். அமெரிக்காவில், டெங்கு காணாத வளர்ந்தவர்களில் 21 பேருக்கு அந்த 30 எழுத்து வெட்டிய ஊசியைப் போட்டார்கள், 20 பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. ஆறு மாதம் கழித்து எல்லோருக்கும் வேண்டுமென்றே ஒரு லேசான டெங்கு வைரசைக் கொடுத்தார்கள். வெறும் ஊசி போட்ட 20 பேரின் இரத்தத்திலும் வைரசு வந்தது, ஊசி போட்ட 21 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. 2016இல் வெளியான அந்த முடிவைப் படித்தபோது நான் துள்ளிக் குதித்தேன் என்றே சொல்லலாம். ஆனால் அது சிறிய கணக்கு, அதுவும் ஒரே ஒரு வகைக்கு எதிராக. ஊருக்குள் நான்கும் திரியும்போது, வருடக்கணக்கில் என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது.

அந்த வருடக்கணக்கைப் பொறுக்காததன் விலையைப் பிலிப்பைன்ஸ் கொடுத்தது.

டெங்வாக்சியாவை ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் 30,000க்கு மேற்பட்ட பிள்ளைகளில் சோதித்தார்கள். மொத்தத்தில் அறுபது வீதத்தை ஒட்டிய பலன் தெரிந்தது. ஆனால் மூன்றாவது வருடத்தில், ஆசியாவில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளில், ஊசி போட்டவர்கள்தான் போடாதவர்களைவிடக் கூடுதலாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஏறத்தாழ ஏழு மடங்கு. வயதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டு, 9 வயதுக்கு மேல் போடலாம் என்று முடிவு செய்தார்கள். 2015 டிசம்பரில் மெக்சிக்கோ அனுமதித்தது. 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் பாடசாலைகளில் போடத் தொடங்கி, 800,000க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டார்கள்.

வயது வெறும் வெளித்தோற்றம். சின்னப் பிள்ளைகள் என்றால் டெங்கு இன்னும் காணாத பிள்ளைகள் என்பதுதான் உள்விஷயம். அதை உறுதிப்படுத்த ஊசிக்கு முன்பு எடுத்த இரத்தம் வேண்டும். அந்தச் சோதனைகளில் அப்படி இரத்தம் எடுத்திருந்தது ஒரு சிறு பகுதியினரிடம்தான். வேறு வழியில் ஆராய்ந்து பார்த்து, 2017 நவம்பர் 29இல் நிறுவனமே அறிவித்தது: முன்பு டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசி பிற்பாடு கடும் டெங்குவின் வாய்ப்பைக் கூட்டுகிறது. பிலிப்பைன்ஸ் கொதித்தது. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் 2015இல் 93 வீதம், 2018இல் 32 வீதம் என்று ஓர் ஆய்வு காட்டியது. டெங்கு ஊசிமேல் வந்த கோபம் மற்ற ஊசிகள் மேலும் பாய்ந்தது, 2019இல் அங்கே சின்னமுத்து (தட்டம்மை) பெரிதாகப் பரவியது. அந்தத் தாய்மாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. குற்றம் அவசரத்தில் இருக்கிறது. மூன்றாம் வருடத்துக் கணக்கு கையில் இருந்தும், அது ஏன் அப்படி என்று தெரியும் முன்பே பாடசாலை வாசலுக்கு ஊசியோடு போனார்கள்.

கொரோனாவில் இந்தப் பொறி இல்லை. ஒரு வைரசு, ஒரு முகம், ஊசி அரைகுறையாகப் பிடித்தாலும் நோயைக் கூட்டவில்லை. அதனால்தான் அந்த வேகம் சாத்தியமாயிற்று. டெங்குவில் ஐந்து வருடம் காத்திருப்பது சோம்பல் அல்ல.

இனி, நம் பிள்ளைகளைச் சோதித்தார்கள் என்ற கதை. அது கதையல்ல, உண்மை. கியூடெங்காவின் பெரிய சோதனை 2016இல் தொடங்கி எட்டு நாடுகளில் நடந்தது. அதில் இலங்கையும் ஒன்று. பிறேசில், கொலம்பியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் முதலியவை மற்றவை. 4 முதல் 16 வயது வரை 20,000 பிள்ளைகள். மூவரில் இருவருக்கு ஊசி, ஒருவருக்கு உப்புநீர். யாருக்கு எது என்று தாய் தகப்பனுக்கும் தெரியாது, பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. பெற்றோர் வாசித்து, கேட்டு, கையெழுத்து வைத்த பிறகுதான் பிள்ளையைச் சேர்த்தார்கள். இடையில் விலக நினைத்தால் விலகலாம்.

"எங்களை எலியாக்கினார்கள்" என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவில் அது தெரிகிறது. நானும் அப்படி யோசித்த காலம் உண்டு. ஆனால் பாருங்கள், லண்டனில் 20,000 பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுப் பத்து வருடம் காத்திருந்தாலும் ஊசி வேலை செய்ததா என்று தெரியாது, அங்கே டெங்கு நுளம்பு கடிப்பதில்லை. டெங்கு இருக்கும் இடத்தில்தான் டெங்கு ஊசியைச் சோதிக்க முடியும். நமது பிள்ளைகளின் இரத்தம் எப்படி நடந்துகொள்கிறது என்று அறியாமல் நமக்கு ஊசி விற்க வந்திருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன். டெங்வாக்சியாச் சோதனைகளில் விட்ட குறையை இங்கே விடவும் இல்லை. சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுத்து, முன்பு டெங்கு வந்ததா என்று குறித்துக்கொண்டார்கள். நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடியவர்கள் டெங்கு காணாதவர்கள்.

கிடைத்த கணக்கு இது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு முதல் வருடத்தில் 80 வீதம் பலன். ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலையைத் தடுப்பதில், பதினெட்டு மாதக் கணக்கில் 90 வீதம். நாலரை வருடம் போனபோது முதலாவது 61ஆகவும், இரண்டாவது 84ஆகவும் இறங்கியது. முன்பு டெங்கு வந்த பிள்ளைகளில் பலன் நன்றாக நின்றது. வராத பிள்ளைகளில் முதலாம், இரண்டாம் வகைகளுக்கு எதிராகப் பிடித்தது, மூன்றாம் வகைக்கு எதிராகப் பலன் தெரியவில்லை, நான்காம் வகை நோயாளர் மிகக் குறைவாக வந்ததால் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. டெங்வாக்சியாவில் கண்ட மாதிரி மொத்தமாகத் தலைகீழாகிப் போகவில்லை. ஆனாலும் அந்த மூன்றாம் வகை என்ற முள் உள்ளே கிடக்கிறது. நம் நாட்டில் நான்கு வகையும் திரிகின்றன.

உலக சுகாதார நிறுவனம் 2024 மே மாதம் இந்த ஊசியைத் தகுதிப் பட்டியலில் சேர்த்தது. டெங்கு மிகக் கடுமையாகப் பரவும் இடங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் போடலாம் என்பது அதன் நிலைப்பாடு. அப்படிப்பட்ட இடங்களில் ஒன்பது வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் ஒருமுறையாவது டெங்குவைக் கண்டிருப்பார்கள் என்பது அதன் கணக்கு. பிறேசில் அதே வருடம் மாசியில் 10 முதல் 14 வயதினருக்கு இலவசமாகத் தொடங்கியது. அந்த 30 எழுத்து வெட்டிய ஊசியைப் பிறேசிலின் புட்டன்டான் நிறுவனம் எடுத்து வளர்த்து, 16,000க்கு மேற்பட்டோரில் ஒரே ஊசியாகச் சோதித்து, இரண்டு வருடத்தில் ஏறத்தாழ 80 வீதப் பலன் கண்டு, 2025 நவம்பரில் 12 முதல் 59 வயதினருக்கு அனுமதி வாங்கிவிட்டது. அதே வைரசுகளைக் கொண்டு இந்தியாவின் பனேசியா பயோடெக் 10,000க்கு மேற்பட்ட பெரியவர்களில் 2024 ஆவணி முதல் பெரிய சோதனை நடத்துகிறது. ஒரே ஊசி, பக்கத்து நாட்டில் செய்வது. என் கண் அதன் மேல்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

நமது தேசியத் தடுப்பூசி அட்டவணையில் டெங்கு ஊசி இல்லை. அது ஒருநாள் வந்து, மகளுக்குப் போடலாமா என்று என்னைக் கேட்டால், தயங்காமல் போடுங்கள் என்பேன். மகனுக்கு என்றால், அப்போது வந்திருக்கும் ஊசியின் மூன்றாம் வகைக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பேன். அவனுக்கு டெங்கு "வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவ்வளவு நிச்சயம் அல்ல. டெங்கு தொற்றுகிறவர்களில் பெரும்பான்மையோருக்கு ஒன்றுமே தெரியாது, அல்லது இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். அப்படியென்றால் தனியார் லாப்பில் இரத்தம் கொடுத்துப் பார்க்கட்டுமா என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். அவசரப்பட வேண்டாம். அவனுக்கு யப்பான் மூளைக்காய்ச்சல் ஊசி போட்டிருக்கிறது. அது டெங்குவின் உறவு என்று சொன்னேனே, சாதாரணப் பிறபொருளெதிரிப் பரிசோதனை இரண்டையும் மாறாட்டமாகக் காட்டிவிடலாம். "வந்திருக்கிறது" என்று சீட்டில் எழுதிவரும், உண்மையில் வந்திருக்காது. மகனின் விஷயத்தில் தப்பான பதில், பதில் இல்லாததைவிட மோசம்.

ஐஸ் பெட்டிக் கதை. உலர வைத்த தூளாக இருந்தாலும் அதற்குள் இருப்பது உயிர். 2 முதல் 8 பாகை வெப்பத்துக்குள் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். ஹீத்ரோவில் ஏறி, கட்டுநாயக்காவில் இறங்கி, வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம் ஹபரணைக் காட்டு வழியாக வந்து சேரும்போது அதற்குள் என்ன மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செத்த ஊசியைப் போட்டுவிட்டுக் காவல் இருக்கிறது என்று நம்பி இருப்பீர்கள். அரைவாசி செத்தது என்றால் நான் மேலே சொன்ன அரைகுறைக் கதை. அதோடு இது மூன்று மாத இடைவெளியில் இரண்டு முறை போடும் ஊசி. இரண்டாவதை ஆனியில் யார் கொண்டுவருவது? போட்ட பிறகு பிள்ளைக்கு ஏதாவது வந்தால் எந்தப் பதிவேட்டில் எழுதுவது? ஒழுங்கான எந்த வைத்தியரும் தொடமாட்டார். தொடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்.

அண்ணா தனக்குப் போட்டுக்கொள்வது வேறு விஷயம். அவர் இங்கே வளர்ந்தவர் என்றால் முன்பு டெங்கு வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதற்கான பதிவு அல்லது பரிசோதனைச் சீட்டு இருந்தால் அங்கேயுள்ள வைத்தியரிடம் காட்டிக் கேட்கட்டும். எனக்கு யோசனை அவருடைய பிள்ளைகளைப் பற்றித்தான். அங்கே பிறந்து வளர்ந்தவர்களாக இருந்தால் அநேகமாக டெங்கு காணாத உடம்பு. அவர்களுக்கு நீளக் கை உடுப்பும், நுளம்புக்குப் பூசும் களிம்பும்தான் ஊசி. டெங்கு நுளம்பு விடிந்த பிறகும், பொழுது சாய முன்பும் கடிக்கும். இரவில் வலை கட்டிவிட்டுப் பகலில் திண்ணையில் விளையாட விட்டால் பிரயோசனம் இல்லை. லண்டன் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், திருகோணமலைக்குப் போய்வந்தோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள், அங்கே டொக்டருக்கு அது தானாகத் தோன்றாது.

மகளைப் பற்றி ஒன்று. அவளுக்கு இனிக் காய்ச்சல் வந்தால் "டெங்குதான் ஏற்கெனவே வந்துவிட்டதே" என்று யாரும் அலட்சியமாக இருக்கக்கூடாது. பனடோலை அளவோடு கொடுங்கள், இபுபுரோபன், டைக்குளோபெனாக் வேண்டவே வேண்டாம். என்னிடம் வந்த பிள்ளை ஒன்றுக்கு ஒரு மருந்துக்கடையில் நோவுக்கென்று கொடுத்த குளிசை அந்த வீட்டை இரண்டு நாள் அழ வைத்தது. மூன்றாம் நாள் இரத்தம் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை எழும்பிவிட்டது என்று நினைக்காதீர்கள், டெங்குவில் ஆபத்துத் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான். வயிற்றுநோவு, விடாத சத்தி, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றிரவே ஆஸ்பத்திரி.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. அடுத்த வளவில் அண்ணாவின் வீடு பூட்டிக்கிடக்கிறது. ரீச்சர், எங்கள் ஊரில் நுளம்புக்கு இதைவிட நல்ல வாடகைவீடு கிடையாது. கொமட்டுக்குள் தேங்கிய தண்ணீர், கூரைப் பீலியில் அடைபட்ட வேப்பஞ்சருகு, பின்பக்கத்துப் பழைய வாளி, மூடாத தண்ணீர்த் தாங்கி. ஒரு முட்டை பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வெறுமனே கொட்டிவிட்டால் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அவர்கள் வருவதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை திறப்பை எடுத்துக்கொண்டு போங்கள், தனியாக முடியாவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ.) கூப்பிடுங்கள். பிறகு, அவர்கள் வந்து இறங்கும்வரை வாரம் ஒருமுறை.